விருமாண்டிக்கு விழுந்த அடி

பேயாண்டிக்குச் சீட்டு எழுதும்போது கருத்தக்கண்ணன் நாக்கு நுனியைக் கடைவாயில் துருத்திக்கொண்டிருந்தான். சின்ன வயதில் மணலில் எழுதப் பழகியபோதே வந்த பழக்கம். சாவடித் தூணில் சாய்ந்து நின்ற அவன் அண்ணன் விருமாண்டி அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மீசை வைத்து, பிள்ளை பெற்று, ஊருக்கு முன்சீப்பும் ஆகிவிட்டான். நாக்கு மட்டும் உள்ளே போகவில்லை. விருமாண்டிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தாளில் ஓடிக்கொண்டிருந்த பேனா கண்ணில் பட்டது. சிரிப்பு போய்விட்டது.

பேயாண்டி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். கருத்தக்கண்ணனுக்கு அப்பன் வயது அவனுக்கு. எழுமலைப் பக்கம் காளை பார்க்கப் போகவேண்டும் என்று காலையிலிருந்து காத்துக் கிடந்தான். எழுதி முடித்த சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, படிக்கத் தெரியாத கண்களால் ஒருமுறை தடவிப் பார்த்து, மடியில் செருகிக்கொண்டான்.

பேரையூருக்குப் போகும் பாதையில் இருந்த அந்தக் கரிசல்காட்டு ஊரில் கைரேகைச் சட்டம் வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. ரேகை வைத்த ஆண்கள் எல்லோரும் இருட்டுகிற நேரத்தில் பாயோடு சாவடிக்கு வந்துவிட வேண்டும். போலீஸ்காரர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எழுந்து நின்று குரல் கொடுக்க வேண்டும். மாடு வாங்கவோ, மகளைப் பார்க்கவோ, எழவுக்கோ, எதற்காக ஊர் எல்லையைத் தாண்டினாலும் முன்சீப் எழுதிய சீட்டு கையில் இருக்க வேண்டும். இல்லாதவனுக்கு ஜெயில். ஒருவன் திருடினானா இல்லையா என்று சட்டம் கேட்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்று மட்டும் கேட்டது.

ரேகை வைத்த நாள் விருமாண்டிக்கு இன்னும் நன்றாக நினைவிருந்தது. உழுதுகொண்டிருந்தவனை ஏரோடு நிறுத்திக் கூட்டிப்போய், மண் ஒட்டிய கையைத் துடைக்கச் சொல்லி, விரல் விரலாக மையில் உருட்டினார்கள். அன்று கருத்தக்கண்ணன் திருமங்கலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அய்யா செத்த பிறகு அவனைப் படிக்க அனுப்பியது விருமாண்டிதான். ஒருவன் ஏர் பிடித்தால் ஒருவன் படிக்கலாம், அவ்வளவுதான் அந்த நிலத்துக்குத் தாங்கும். யார் எது என்று அன்றைக்கு ஒரு பேச்சும் நடக்கவில்லை. மூத்தவன் கையில் மேழி ஏற்கெனவே இருந்தது. படித்தவன் என்பதால் பின்னால் தம்பியின் பெயரைப் பட்டியலில் சேர்க்காமலே விட்டார்கள். பழைய முன்சீப் வாரிசு இல்லாமல் செத்ததும், தாசில்தார் முன்னால் எழுதிக் காட்டி வேலையை வாங்கிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு ஊரோடு சேர்ந்து விருமாண்டியும் குலவைச் சத்தத்துக்கு நடுவில் நின்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. எப்போது மாறியது என்று அவனுக்கே தெரியாது. தம்பி வீட்டுக்கு மதுரையிலிருந்து ஒரு நாற்காலி வந்தபோதா, தம்பி பெண்டாட்டி ஜெயக்கொடி தண்ணீர்க்குடத்தோடு வந்தால் கிணற்றடியில் மற்றப் பெண்கள் விலகி இடம் கொடுத்தபோதா. அல்லது, தம்பி முன்சீப் ஆன முதல் நாள் சாயங்காலம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் சாவடிக்கு வர, வாசலில் தம்பி சட்டையோடு நின்று போலீஸ்காரரிடம் பேசிக்கொண்டிருந்தானே, அப்போதா. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவன் உள்ளே படுக்க, ஒருவன் வெளியே நின்று எண்ணிக்கொடுக்கிறான்.

பேயாண்டி போனதும் கருத்தக்கண்ணன் பேனாவை மூடாமல் தலையைத் தூக்கினான்.

"அண்ணே, அவனியாபுரத்துக்குப் பொங்கப்படி கொண்டுபோகணும்ல? உன் மக மாசமா வேற இருக்கா. கையோட உனக்கும் சீட்டு எழுதிரட்டா?"

சாவடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் விருமாண்டியைப் பார்த்தார்கள். நல்ல மனசோடு கேட்டதுதான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கேட்காமலே போடுகிற பிச்சை மாதிரி இருந்தது.

"நான் போகல."

"என்னண்ணே, தலைப் பொங்கல்ல."

"போகலன்னு சொல்றேன்ல."

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்னே விருமாண்டி கிளம்பினான். பச்சரிசியும் வெல்லமும் மஞ்சள்கொத்தும் பூசணிக்காயும் ஒரு கூடையில். புதுப் பித்தளைப் பானை ஒரு கையில். கூடையைத் தூக்கிவிட்ட மனைவி சோலையம்மாள், "சீட்டு வாங்கிட்டீகளா?" என்றாள். "ஆச்சு" என்றான். பாதையை விட்டு விலகி, சோளத்தட்டை அறுத்த காடுகளின் வழியாக நடந்தான். திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம் மொச்சை மூட்டை ஏற்றி மதுரைக்குப் போன வண்டி ஒன்று கிடைத்தது. மூட்டைகளுக்கு நடுவில் கூடையோடு குறுகி உட்கார்ந்துகொண்டான். எதிரே காக்கி நிறத்தில் எது தெரிந்தாலும் மூட்டைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று, பல்லிடுக்கில் மாட்டிய கரும்புச் சக்கை போல இனித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் போலீஸ்காரர் பெயரைக் கூப்பிடுவார். பதில் வராது. 'எங்கடா?' என்று முன்சீப்பிடம் கேட்பார். அண்ணன் ஓடிப்போனான் என்று தம்பி சொல்ல வேண்டும். சொன்னால் ஊர் அவன் முகத்தில் துப்பும். சொல்லாமல் மறைத்தால் அந்த நாற்காலி நிலைக்காது. ரெண்டில் எதுவானாலும் சரி. பேனாவை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் பார்ப்போம்.

அவனியாபுரத்தில் மகள் சின்னத்தாய் வாசலிலேயே அழுதுவிட்டாள். மேடிட்ட வயிற்றோடு கூடையை வாங்க வந்தவளைத் தடுத்து அவனே உள்ளே கொண்டுபோய் வைத்தான். பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவன் மனதில் எதுவுமே இல்லை.

"சின்னையா வரலையாய்யா?" என்றாள். "முன்சீப் வேலை, எப்படி வர முடியும். இங்க எங்க மாமா எல்லார்ட்டயும் அதைத்தான் சொல்லிட்டுத் திரியிறாரு."

சம்பந்தி நல்லகாமன், அவனைத் தெருவில் கூட்டிப்போய்ப் பொங்கலுக்குத் தயாராகிற காளைகளைக் காட்டினார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "நம்ம முன்சீப்போட அண்ணன்" என்றார். அவர்கள் கும்பிட்டார்கள். அவன் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

மத்தியானம் கிளம்பியிருந்தால் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரலாம். கோழி அடித்துப் போட்ட சோறு, மகள் கேட்ட கேள்விகள், காளைகள் எல்லாம் சாக்காகக் கிடைத்தன. வெயில் சாய்வதை வாசலில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில், "இருந்துட்டுக் காலையில போறேன்" என்று மகளிடம் சொன்னான். அவள் சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு ஊருக்குள் நுழைந்தபோது, சாவடியில் போலீஸ் நிற்கும் என்று எதிர்பார்த்தான். விலங்கு மாட்டுவதற்குக் கையைக்கூட மனதளவில் நீட்டி வைத்திருந்தான். சாவடி வாசலில் தலையாரி முத்திருளன் மட்டும் உட்கார்ந்திருந்தான். விருமாண்டியைப் பார்த்ததும் எழுந்தான். காறித் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டான்.

தம்பி வீட்டு முன்னால் கூட்டம். எருக்கிலை வதக்குகிற வாடை தெருவரைக்கும் வந்தது. சோலையம்மாள் அங்கிருந்து ஓடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"சீட்டு வாங்கிட்டேன்னு சொன்னீகளே. பாவி மனுசா."

"என்ன ஆச்சு?"

"உங்க எடத்துல உங்க தம்பி போய்ப் படுத்துக்கிட்டாரு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். இருட்டியும் அவனைக் காணோம் என்றதும் கருத்தக்கண்ணன் வீட்டுக்கு வந்தானாம். "மதினி, அண்ணன் பாயையும் போர்வையையும் எடு" என்றானாம். முன்சீப் தாலுக்கா ஆபீஸ் போயிருப்பதாகச் சொல்லச் சொல்லி முத்திருளன் கையில் விளக்கைக் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆட்களுக்கு நடுவில் போர்த்திப் படுத்துக்கொண்டானாம். போலீஸ்காரர் மாற்றலில் வந்த புது ஆள். முன்சீப்பைத் தவிர யார் முகமும் பழகவில்லை. விருமாண்டி என்று கூப்பிட்டதும் குரல் கொடுத்தான். ஆனால் முகம் தெரிந்துவிடும் என்று எழுந்து நிற்கவில்லை. 'முன்னால நிக்கிறவனுக்கு எந்திரிக்காம என்னடா பதிலு' என்று லத்தியால் போட்டிருக்கிறார். ஒன்றல்ல. தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்று வைத்தியர் சொன்னாராம்.

"சாவடியில அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுக் கெடந்தாக. ஒருத்தன் வாயத் தொறக்கல. தொறந்தா அவரு வேலையும் போகும், நீங்களும் உள்ள போவீகன்னு."

கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். இடது தோள் கறுத்து, பானை போல வீங்கியிருந்தது. ஜெயக்கொடி சூடான இலையை வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து விருமாண்டியைப் பார்த்த பார்வையில் வசவுகூட இல்லை. ஊரின் கிழவர்கள் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ பால் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், யாரோ கோழி.

"வந்துட்டியாண்ணே" என்றான் தம்பி. "சின்னத்தாயி நல்லாருக்காளா?"

"ஏண்டா செஞ்ச?"

"எழுதிக் குடுக்கச் சொல்றியா என்னைய? எங்கண்ணன் சீட்டு இல்லாம ஓடிட்டான்னு என் கையால எழுதவா?" வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டான். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னண்ணே?"

"நான் கேக்கணுமா? உங்கிட்ட?"

சுவரோரம் இருந்த கிழவர் ஒருவர், "பெறந்தா இப்படித் தம்பி பெறக்கணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சோலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

விருமாண்டிக்குத் தம்பியின் காலில் விழ வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில் அந்தக் கறுத்த தோளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அது என் அடி, என்று நினைத்தான். படிப்பு போகட்டும், சட்டை போகட்டும். ஊரெல்லாம் பட்டது, அவன் மட்டும் படாதது என்று ஒன்று இருந்ததே. அந்தச் சாவடித் தரை, அந்தப் போர்வை நாற்றம், பெயர் சொல்லிக் கூப்பிடும்போது வருகிற அந்தப் பயம். அதை வைத்துக்கொண்டுதானே உன்னைவிட நான் அதிகம் பட்டவன் என்று மனதுக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ராத்திரியில் அதிலும் வந்து உட்கார்ந்துகொண்டான். இனி இந்த ஊர் இருக்கிறவரை பேச்சு அதுதான். அதில் என் பெயர் ஓடிப்போனவனாக வரும்.

அன்று சாயங்காலம் போலீஸ்காரர் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். பொங்கல் நேரம், பல ஊர் பார்க்க வேண்டுமாம். கருத்தக்கண்ணன் படுத்திருக்க மாட்டேன் என்று வந்து நின்றான். வீக்கம் தெரியாமல் தோளின் மேல் சால்வையைச் சுற்றியிருந்தான். "என்ன முன்சீப், முகம் வாடியிருக்கு?" என்று அவர் கேட்க, "காய்ச்சலுங்க" என்றான்.

பெயர்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவராக எழுந்து நின்று குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"விருமாண்டி."

எழுந்து நின்றான். போலீஸ்காரர் அடையாளம் பார்ப்பது போலக் கிட்டே வந்தார். சாவடியில் யாரும் அசையவில்லை. பேயாண்டி தரையைப் பார்த்தான். தலையாரி விளக்குத் திரியைச் சரிசெய்வது போலக் குனிந்தான்.

"நீதானா அது. இன்னைக்கு எந்திரிக்கத் தெரியுதோ?" என்று சிரித்தார். "என்ன, தோளு இன்னும் வலிக்குதா?"

விருமாண்டி வாசலைப் பார்த்தான். சால்வைக்குள் தம்பி அசையாமல் நின்றான். விருமாண்டியின் வலது கை மெதுவாக மேலே போய் இடது தோளைப் பிடித்தது.

"வலிக்குதுங்கய்யா."

போலீஸ்காரர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவன் உட்கார்ந்தான். அவர் போய், வெளிச்சமும் போய், பக்கத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகப் பாயில் சரிந்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. விரல்கள் தோளின் எலும்பைத் தேடித்தேடி அமுக்கின. எங்கே அமுக்கியும் நோகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி அமுக்கினான்.