என் பெயர் ஒட்டிய டப்பா

என் பெயர் ஒட்டிய டப்பாவில் நான் கொடுத்தது வேறொருவனுடைய விந்து. இதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் ஏழு வருடமாக எனக்கு இரவு ஷிஃப்ட். பட்டப்பகல் போல எரியும் வெள்ளை விளக்கின் முன்னால் உட்கார்ந்து, ஓடிவரும் பாட்டில்களில் கீறலும் குமிழியும் பார்த்து ஒதுக்குவது வேலை. கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் குழந்தை இல்லை. டாக்டரம்மா இரண்டு பேரையும் சோதனை செய்துகொள்ளச் சொன்னதும், குறை என்னிடம் என்று வந்துவிட்டால் என்ற பயம் பிடித்துக்கொண்டது. லோடிங் பிரிவில் மூன்று பிள்ளைகளின் தகப்பன் ஒருவன். சம்சாரி என்றுதான் கூப்பிடுவோம். காலில் விழாத குறையாக அவனிடம் கெஞ்சினேன்.

"ரத்தம் கேட்டாக்கூட யோசிக்காம குடுப்பேன்டா. இதப் போயா கேப்ப?" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் ஷிஃப்ட் முடிந்த காலையில் கழிவறைக்குள் போய்வந்து, என் முகத்தைப் பார்க்காமல் டப்பாவை நீட்டினான்.

ரிப்போர்ட் ஜோராக வந்தது. அதன்பிறகு சோதனையெல்லாம் என் மனைவிக்குத்தான். கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்த அன்று, வெளியே வந்தவள் வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா வேறு போனில், "உன் வயித்துல என்னதான் கோளாறோ" என்று அவளைக் குத்திக்கொண்டே இருந்தாள். அதையும் கேட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் நாளும் வந்தது. ஆஸ்பத்திரி அங்கியில், தோட்டையும் மோதிரத்தையும் என் கையில் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நல்லவேளைங்க, உங்களுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு பேருக்கும் குறைன்னா தாங்கியிருக்க மாட்டேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அந்த ரிப்போர்ட் என்னோடது இல்ல."

"அப்ப யாரோடது?"

சொன்னேன். அவள் திரையை இழுத்து மூடிக்கொண்டு உடை மாற்றினாள். நர்ஸிடம், "இன்னிக்கு வேண்டாம் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பதினோரு நாள் பேச்சில்லை. பன்னிரண்டாம் நாள் அவளே டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லி, என்னைச் சோதனைக்குக் கூட்டிப்போனாள். என் நிஜ ரிப்போர்ட்டில் அணுக்கள் குறைவு, இருந்தவையும் சோம்பேறிகள். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தலைகுனிந்திருந்தேன். டாக்டரம்மாவோ என் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

"இருட்டுல மூளை மெலடோனின்னு ஒரு ஹார்மோன் சுரக்கும். ராத்திரி பூரா வெளிச்சத்துல இருந்தா அது குறையும். விந்தணு கெட்டுப்போகாம அது காக்குதுன்னு சில ஆய்வுகள் சொல்லுது. உங்களுக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஷிஃப்ட மாத்திப் பாருங்க. நீங்களா மாத்திரை வாங்கி முழுங்காதீங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படியிறங்கும்போது, "பாத்தியா, எல்லாம் அந்த விளக்கு பண்ற வேலை" என்றேன்.

அவள் நின்றாள். "டப்பாவ மாத்துனதும் விளக்குதானா?"



சூப்பர்வைசரிடம் காரணத்தைச் சொல்லி, அவர் சிரிப்பை அடக்குவதைப் பார்த்துக்கொண்டே பகல் ஷிஃப்ட் வாங்கினேன். மூன்று மாதத்தில் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருந்தது. போதாது, ஆனால் தொடரலாம் என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலம் அம்மாவின் போன். வழக்கம்போல மருமகளிடம் ஆரம்பித்தாள். என் மனைவி ஸ்பீக்கரைப் போட்டு, போனை என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, குறை எனக்குத்தான்."

"அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்லம்மா. இன்னொருத்தனோடத என்னோடதுன்னு குடுத்து ஏமாத்துனேன். இவளக் கத்திக்கு அனுப்பப் பாத்தேன்."

அம்மா, "போன அவகிட்ட குடு" என்றாள்.

மனைவி போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் வெளியே நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்கக்கூட எனக்கு முகமில்லை.