கேட்டுக்காரனுக்கு ஒரு பின்வாசல்

மஞ்சுஷா செய்த வில்லனை எல்லோரும் சுலபமாகக் கொன்றார்கள். கொன்ற கையோடு மறந்தும் போனார்கள். அதுதான் அவளுடைய சங்கடம்.

இது நடந்தது 2004-ல். கொச்சியில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில் ஷிபு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். காலையில் அங்கே கல்யாணக் கார்டு அடிப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு கம்ப்யூட்டர், அவனோடு பள்ளியில் படித்த மஞ்சுஷாவுக்கு. எறணாகுளத்தில் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி ஆள் எடுத்தது. சர்டிஃபிகேட் கேட்கவில்லை. ஓடுகிற, சுடுகிற பொம்மைகளை அவர்களே கொடுத்துவிட்டார்கள். அவை ஓடுவதற்கான இடத்தை மூன்று லெவலாகக் கட்டி வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். ஒரே நிபந்தனை: ஆடியவர்கள் வில்லனை மறக்கக் கூடாது.

மஞ்சுஷா தனக்குத் தெரிந்த இடத்தையே கட்டினாள். அவளுடைய அம்மா ஓமனா பத்தொன்பது வருஷம் மிளகு பொறுக்கிய கிடங்கு அது. சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் வரிசையாக வந்து, வாசல் கேட்டில் காவல் இருக்கிற கேட்டுக்காரன் முன்னால் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஒரு மிளகு கீழே விழுந்தாலும் மறுநாள் வேலை கிடையாது. அம்மாவுக்காகத் தெருவில் காத்து நின்ற சின்ன மஞ்சுஷா அதைத் தினமும் பார்த்திருக்கிறாள். வில்லனை அவள் வேறெங்கும் தேடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷிபு ஆடிப் பார்த்தான்.

"மூணு லெவல்லயும் ஒரே ஆளுதானே. ரெண்டாவதுல கொஞ்சம் தடிச்சிருக்கான், அவ்வளவுதான்."

"அவன் கதையைத்தான் நடுவுல எழுதியிருக்கேனே. படி."

ஷிபு பட்டனைத் தட்டித் தட்டி எழுத்தையெல்லாம் தாண்டிப் போனான். "எடீ, நான் கேம் ஆட வந்தேனா, ரேஷன் கார்டு படிக்க வந்தேனா?"

புதன்கிழமை ஓமனா சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். திரையைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

"இது நம்ம கிடங்கல்லே?"

"ஆமாம்மா."

"பின்வாசலைக் காணோமே மோளே. பின்னால காயல் தண்ணி வேணுமே. மிளகு ஏத்தற வள்ளம் எங்க வந்து நிக்கும்?"

மஞ்சுஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பார்த்ததெல்லாம் தெருவிலிருந்து. உள்ளே ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

"பின்னால என்ன இருந்துச்சும்மா?"

"ஒரு சின்ன அறை. சுவர்ல ஒரு ஆணி."

"ஆணி எதுக்கு?"

"கேட்டுக்காரன் சட்டையை மாட்ட." ஓமனா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒரு நாள் சோத்துப் பாத்திரத்தை மறந்துட்டுத் திரும்பிப் போனேன். எங்களையெல்லாம் உதறவச்சு அனுப்பிட்டு, அவன் அந்த அறையில ரெண்டு கையையும் தூக்கி நிக்கறான். முதலாளியோட மச்சான் அவன் சட்டையை உதறிப் பாக்கறான். எல்லா நாளும் அப்படித்தான்னு அப்புறம் தெரிஞ்சுது. நாங்க யாரும் அதைப் பத்திப் பேசினதில்ல."

"அவன் உன்னைப் பாத்தானா?"

"பாத்தான். அந்த வாரம்தான் உனக்கு நெஞ்சு நிறையச் சளி. மறுநாள் கஷாயத்துக்கு ஒரு பிடி மிளகை முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். பெரிய தைரியம்தான். கேட்டுல வந்து நின்னதும் முடிச்சு அவன் கண்ணுல பட்டுடுச்சு. ஒண்ணும் சொல்லல. ஸ்டூலைத் திருப்பிப் போட்டு சுவரைப் பாத்து உக்காந்துட்டான். நான் நடந்து வெளிய வந்துட்டேன்."

"சோறு ஆறிப்போச்சு, சாப்பிடு" என்றாள் ஓமனா.

மஞ்சுஷா எழுத்தையெல்லாம் அழித்தாள். முதல் லெவல் பழையபடியே தெருவிலிருந்து: வரிசை, உதறல், கடுமையான கேட்டுக்காரன். இரண்டாவதில், ஆடுகிறவர் வள்ளத்தில் பின்வாசல் வழியாக வர வேண்டும். இருட்டான சந்து ஒரு கம்பி ஜன்னலில் கொண்டுபோய் விடும். உள்ளே ஆணியும் சட்டையும், கைகளைத் தூக்கி நிற்கிற அவனும். கம்பிக்குள் குண்டு போகாது. பார்க்க மட்டும்தான் முடியும். மூன்றாவதில், கிடங்குக்கு நடுவிலிருந்து, முந்தானையில் முடிச்சோடு, கேட்டை நோக்கி நடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷிபு மறுபடி ஆடினான். மூன்றாவது லெவலில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தவன், சுடாமல் நின்றுவிட்டான்.

"என்னடா, சுடேன்."

"சும்மா இருடீ." விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு மெல்ல முன்னால் நடந்தான். கேட்டுக்காரன் முடிச்சைப் பார்த்தான். ஸ்டூல் சுவர்ப் பக்கம் திரும்பியது. கேட்டு திறந்தே இருந்தது.

ஷிபு மூக்கை உறிஞ்சினான். "ஏசி ஒத்துக்கல" என்றான். அந்த சென்டரில் ஏசி கிடையாது.

திங்கள்கிழமை கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கிற வெங்கிடராமன் அவள் கண்ணெதிரே ஆடினார். முதல் தடவை சுட்டுவிட்டார். லெவல் முடிந்துவிட்டது; ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. திரும்ப முதலிலிருந்து ஆடி, இந்தத் தடவை கேட்டருகே நின்றார்.

"இந்த ஆள் பேர் என்ன?"

மஞ்சுஷாவுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் 'வில்லன்' என்றுதான் போட்டு வைத்திருந்தாள்.

"கேட்டு வச்சுக்கோங்க. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வந்து வேலையில சேரும்போது சொன்னா போதும்."

படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பியதும் அம்மாவிடம் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"அப்பு" என்றாள் ஓமனா. "இப்ப ஃபோர்ட் கொச்சி படகுத்துறை பக்கம் சாயாக்கடை வச்சிருக்கான்."

"நாளைக்குப் போயி ஒரு சாயா குடிக்கலாமாம்மா?"

"போலாம். நீ அவனை எத்தனை தடவை கொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."