நனையாத சீலைகள்

அந்த மாரி முழுவதும் வாவியை நான் கணினித் திரையில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் நிஜ வாவி தெரியும். ஆனால் திரையில் இருந்த வாவிதான் எனக்குப் பிடித்திருந்தது. அதில் ராணுவ முகாம் இல்லை, முள்ளுக்கம்பி இல்லை. வாவி ஒரு நீலப் பெட்டி, கடல் இன்னொரு பெட்டி, நடுவே முகத்துவாரம் ஓர் அம்புக்குறி. மழை அங்கே சத்தமில்லாமல் பெய்யும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொருகும்.

நீர்ப்பாசன அலுவலகத்தில் எனக்குத் தந்திருந்த வேலை அது. முகத்துவாரத்தை மறித்துக் கிடக்கும் மணல்மேட்டை எப்போது வெட்டிவிடுவது என்று அந்த மென்பொருள் சொல்ல வேண்டும். முந்தி வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், மீனவர்கள் சண்டைக்கு வருவார்கள். பிந்தினால் வெள்ளம் வடியாமல் எதிர்க்கரையான படுவான்கரையின் வயல்கள் அழுகும். அங்கே வாவியோரத்து வட்டை வயலில், அந்த ஒரு விளைச்சலை நம்பி என் அண்ணன் யோகராசா இருந்தார். நான் ராணுவம் இருந்த கரை, அவர் இயக்கம் இருந்த கரை. நடுவே தண்ணீர்.

மென்பொருள் ஓட மறுத்தது. சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லி நின்றது. கொழும்பில் அதை விற்ற நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வராது. பாதியில், "இந்தச் சனியன் ஏன் ஓடுதில்ல?" என்று வாய் தவறி வந்துவிட்டது.

மறுமுனையில் இருந்த பெண்ணும் தமிழுக்கு மாறினாள்.

"நீங்க மட்டக்களப்பா?"

"ஓம்."

"நானும் அதே வாவிக்கரைதான், ஏறாவூர். பேர் பரீனா. படத்தில என்னென்ன கீறியிரிக்கீங்க, சொல்லுங்க."

சொன்னேன்.

"படுவான்கரை எங்க?"

"படத்துக்கு வெளியால. அங்கத்த அளவுகோலப் பாக்க எங்கட ஆக்களைப் போக விடுறாங்க இல்ல."

"அங்க இருந்து தண்ணி உங்கட வாவிக்குத்தானே வருது. வெளியால போட்டா அம்புக்குறிக்கு ஒரு முனைதான் இரிக்கும், அதுதான் ஓடுதில்ல. ஒரு பெட்டி கீறி அவங்களையும் உள்ளுக்க எடுங்க. அளவு இல்லாட்டி, கண்ணுக்குத் தெரியிற எதையாவது பதிலுக்குப் போடுங்க. பிறகு திருத்தலாம்."

கண்ணுக்குத் தெரிந்தது தயிர்க்காரிகள். மழை விட்ட காலைகளில் அக்கரையிலிருந்து சட்டிகளோடு தோணியில் வந்து இறங்குவார்கள். தோணிக்கு வரும் வழி வயல் வழி. வெள்ளம் எவ்வளவு நின்றாலும் அதற்குள்ளால்தான் நடக்க வேண்டும். சீலை எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் தண்ணீரின் உயரம். வாயால் கேட்டிருக்கலாம்தான். சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் நின்று அக்கரைக் கதை கேட்க எனக்குப் பைத்தியமா?

துறையில் நின்று பார்த்தேன். எல்லாச் சீலையும் கணுக்காலோடு சரி. அதைப் பெட்டிக்குள் போட்டதும் மென்பொருள் வாய்க்காலில் விட்ட வாத்தாக ஓடியது. அடுத்த கிழமை வரை பொறுக்கலாம் என்றது. பொறியியலாளர் நல்லரத்தினத்துக்கு மகிழ்ச்சி. எனக்கு அதைவிட. மத்தியானம் மேசையிலேயே தூங்கிப்போனேன். கனவில் நான் நீலப் பெட்டிக்குள் நடந்துகொண்டிருந்தேன். மற்றப் பெட்டிக்குள் நின்று அண்ணன் ஏதோ கத்துகிறார், சத்தம் மட்டும் வரவில்லை.

எழுந்ததும் பரீனாவுக்கு எடுத்து, பெருமையாக எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"தண்ணிக்குள்ள இறங்கின சீலையோடயா ஆமிக்கு முன்னால போவாங்க?" என்று கேட்டாள். "நான் வந்தாறுமூலைக் கெம்பஸில படிக்கக்குள்ள, மாரியில மாத்து உடுப்பு பேக்கிலதான் இரிக்கும். ஈர உடுப்போட சென்றியத் தாண்ட ஏலுமா? அவங்க பாக்கிற பார்வை உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். நானும் பெண்தானே. பெட்டியும் அம்பும் கீறிக் கீறி அது மறந்துபோயிருந்தது. நான் அளந்தது அவர்கள் வழியில் மாற்றி உடுத்திய சீலையை, தோணியால் இறங்கும்போது நனைந்த ஓரத்தை.

மறுநாள் துறைக்கு ஓடினேன். அண்ணனின் ஊரிலிருந்து வரும் தயிர்க்காரி சீதேவிப்பிள்ளை அக்காவிடம் தயிர் வாங்குவதுபோல் குனிந்தேன். இரண்டு எட்டுத் தள்ளி ஒரு சிப்பாய் நின்றான்.

"வழியில தண்ணி எவ்வளவு, அக்கா?" என்று சட்டியைப் பார்த்தபடியே முணுமுணுத்தேன்.

அவள் சிப்பாயைக் கடைக்கண்ணால் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்வதுபோல் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், அங்கேயே கொஞ்சம் வைத்திருந்தாள். பக்கத்தில் பனையோலைக் கூடைக்குள், சட்டிகளுக்கு அடியில், பிழிந்து சுருட்டிய சீலை ஒன்று கிடந்தது.

அலுவலகத்துக்கு வந்து நெஞ்சளவைப் போட்டேன். இன்றே வெட்டு என்றது.

"நேத்து அடுத்த கிழமை எண்டீங்க," என்றார் நல்லரத்தினம்.

"நேத்துப் பிழை விட்டது நான், சேர். மெஷின் இல்ல. இண்டைக்கு வெட்டாட்டி அங்க ஒரு கதிரும் மிஞ்சாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முகாமில் அனுமதி எடுக்கப் போனார். வெயில் சாயும்போது மண்வெட்டிகள் மணலில் இறங்கின. வாவி கடலைத் தொட்டதும் கரை சரிந்து விழுந்த சத்தம் அலுவலகம் வரை கேட்டது. திரையில் அந்தச் சத்தம் ஒருபோதும் வந்ததில்லை. நான் அழுதேன்.

பிறகு வந்த நாட்களில் காலையில் துறைக்குப் போவதே எனக்கு வேலையாகிவிட்டது. ஒருநாள் தோணியிலிருந்து இறங்கிய சீதேவிப்பிள்ளை அக்கா என்னைக் கண்டு, சிப்பாய்க்கு முன்னாலேயே குனிந்து, கணுக்காலைச் சொறிந்தாள். நீண்ட நேரம் சொறிந்தாள். கூடையில் பிழிந்த சீலை இல்லை. நான் கேட்காமலேயே ஒரு சட்டி தயிரை என் கையில் வைத்தாள்.

"கொண்ணன் யோகராசா தரச் சொன்னவர்."

பரீனாவுக்கு எடுத்தேன்.

"எதுவரை?" என்றாள்.

"கணுக்கால்."

அவள் மூச்சு விட்டது கேட்டது.

"அப்ப உங்கட முறைப்பாட்ட மூடிர்றன்," என்றாள். பிறகு, போனை வைக்காமல், "எங்கட ஏறாவூர்ப் பக்கத்தையும் ஒரு பெட்டி கீறி உள்ளுக்க எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

எடுத்திருக்கவில்லை. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கீறினேன்.