பக்தர்களுக்கு விட்ட குழாய்

கார்த்திகை தீபம் முடிந்த சில நாட்களில், நகராட்சி ஃபிட்டர் ஒரு காலை சைக்கிளில் வந்து செக்குமேட்டுத் தெருக் குழாயை ரெஞ்சால் திருகத் தொடங்கியபோது, ஏதோ ரிப்பேர் என்றுதான் உண்ணாமலை நினைத்தாள். டீகூடப் போட்டுக் கொடுத்தாள். அவர் டீயைக் குடித்தார், குழாயைக் கழற்றிப் பையில் போட்டார், பைப்பின் வாயில் மரக்கட்டையை வைத்து அடித்து இறுக்கினார்.

"திரும்ப எப்ப மாட்டுவீங்க?"

"அடுத்த தீபத்துக்கு. இது பக்தர்களுக்கு விட்ட குழாய்ம்மா."

அந்தக் குழாய்க்குத்தான் தெருவே கூடி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது. கவுன்சிலர் ஆதிமூலம் வந்து திறந்தபோது அவருக்கு ஆரத்தி எடுத்தவளும் உண்ணாமலைதான். கிரிவலப் பாதையிலிருந்து ஊருக்குள் திரும்பும் குறுக்குத் தெரு அது. தீபக் கூட்டத்தில் யாராவது தெருமுனைக் கிணற்றில் விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது, கிணற்றை மூடிவிட்டுக் குழாய் போட்டுத் தருகிறேன் என்று ஆதிமூலம் ஐப்பசியிலேயே வந்து நின்றார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மேல கம்பி வலை போட்டா பத்தாதா? எந்தக் கோடையிலயும் வத்தாத கெணறு" என்றாள். அவள் வாயை அடைத்தது உண்ணாமலை. "யக்கா, ஊரு முன்னேறச்சே நீ குறுக்க நிக்காத" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். ஒரு தெருவிளக்குக்காக வருடக்கணக்கில் அலைந்த தெருவுக்கு, கிணற்றில் கொட்டக் கட்டட இடிபாடு மட்டும் மறுநாளே லாரி லாரியாக வந்து இறங்கியது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். கிணற்றை மூடத் தீர்மானம் இருக்கிறது, நிரந்தரக் குழாய்க்குத் தீர்மானம் இல்லை என்றார் மேனேஜர், ஏதோ அவள்தான் தீர்மானத்தைத் தொலைத்துவிட்ட மாதிரி. கவுன்சில் கூட்டமும் நடந்தது. அதில் குழாய் வேண்டாம் என்று பேசியதே ஆதிமூலம்தானாம். இந்தத் தெருவுக்குக் கொடுத்தால் எல்லாத் தெருவும் கேட்குமாம். வீட்டு வாசலில் போய் நின்று கேட்டபோது அவர் சிரித்தார். "தீபம் வரட்டும், மொதல் குழாய் ஒங்களுக்குத்தான்" என்றார். எடுத்த ஆரத்தித் தண்ணீரை அன்றைக்கே அவர் தலையில் ஊற்றியிருக்கலாம் என்று வயிறெரிய வீடு திரும்பினாள் அவள்.

மகள் தேவிப்ரியாவுக்கு மாசியில் வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தாள். வயல்வெளி மோட்டாரில் கெஞ்சிக் கூத்தாடிக் குடம் குடமாகத் தூக்கி வந்தாள். சித்திரை பிறந்ததும் மோட்டாரிலும் தண்ணீர் நூலாகிவிட்டது. பிள்ளை பிறந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர் போடக்கூடத் தண்ணீர் இருக்காதே என்ற நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சித்திரா பௌர்ணமியன்று சம்மந்தி மணியம்மாள் அடி அண்ணாமலையிலிருந்து மருமகளைப் பார்க்க வந்தாள். வந்த நேரம், உண்ணாமலை வெளியே போயிருந்த சமயம் பார்த்துக் குடத்தை எடுத்துக்கொண்டு போன தேவிப்ரியா, அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்கத் தெருவில் வந்துகொண்டிருந்தாள். மணியம்மாள் சத்தம் போடவில்லை. குடத்தை வாங்கி இறக்கி வைத்தாள். உண்ணாமலை திரும்பி வரும்வரை காத்திருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. தண்ணியில்லாத வூட்ல இவ எப்பிடிப் புள்ள பெத்துப்பா? நான் இட்டுக்கினு போறேன்."

உண்ணாமலை மகளின் பையை எடுத்து வைத்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பாதியில் திருப்பி அனுப்பிய வீடு என்று பேர் வரப்போகிறது. மகளும் புடவைகளை மடிக்கத் தொடங்கினாள். அது உண்ணாமலைக்கு இன்னும் எரிந்தது.

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்துக்காகத் தெருவுக்குள் ஆட்டோ விடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிரிவலப் பாதைவரை மூன்று பேரும் நடந்தார்கள். உச்சி வெயில். அங்கே நகராட்சித் தண்ணி லாரி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் ஓட்டை போட்ட குழாய் வழியே தார் ரோடு முழுக்கத் தண்ணீர் கொட்டியது. வெறுங்காலோடு நடக்கும் பக்தர்களுக்குக் கால் சுடக் கூடாதாம். விழுந்த தண்ணீர் ஆவியாக எழுந்தது.

உண்ணாமலை பையை மகள் கையில் கொடுத்தாள். நேராகப் போய் லாரிக்கு முன்னால் நின்றாள்.

"வழி வுடும்மா, பக்தருங்க வராங்க" என்றார் டிரைவர்.

"வரட்டும்" என்று ரோட்டிலேயே உட்கார்ந்தாள். தார் தொடையைப் பொசுக்கியது. தெருப்பக்கம் திரும்பி, "யக்கா, கொடத்த எடுத்துக்கினு வா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கிணறு மூடிய நாளிலிருந்து அவளோடு பேசாத கன்னியம்மாள் இரண்டு இடுப்பிலும் குடத்தோடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. ஹாரன் விடாமல் அலறியது, எங்கோ போலீஸ் விசில் கேட்டது. லாரிக்கு முன்னால் காய்ந்து கிடந்த ரோட்டில், அரோகரா சொல்லி வந்த கூட்டம் சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தது.