மைனஸ் ஆகிப்போன குரல்

1

இந்தக் கதைக்கு ஒரு மைனஸ் குறிதான் காரணம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஒரு கோப்பின் அளவுக்கு முன்னால் அதைப் பார்த்தேன். இருக்கிற பொருள் எப்படி இல்லாததற்கும் கீழே போகும்? உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு... (வேண்டாம். மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

2

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அக்காவின் கடைக்கு ஒரு தையல்காரர் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி. வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் தெருவே அவளை 'ரேடியோ' என்று கூப்பிட்டது. தொண்டையில் ஆபரேஷன் ஆகி, இனிமேல் பேச்சு வராது. அதற்கு முன்பே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் எட்டு மணி நேரம் பேசி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பதிந்து வைத்திருந்தாள். இப்போது அந்தக் கோப்பு திறக்க மாட்டேன் என்கிறது.

"கெட்டுப்போச்சு, சரி பண்ணவான்னு கேக்குதும்மா. ஆமான்னு அமுக்கிடவா?"

"ஐயோ, கைய எடுங்கண்ணே! அமுக்கினா பாதியோட வெட்டிப் போட்டுடும்."

3

(இங்கே கோப்பு அழிந்துபோவதாகத்தான் எழுதியிருந்தேன். சோகத்துக்கு மவுசு அதிகம். அக்கா மசியவில்லை. படைத்தவன் நான் என்பதற்காக என் பேச்சைக் கேட்பாளா என்ன?)

முதல் வேலையாக நகல் எடுத்தாள். அளவைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"குரலுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. இந்தப் பழைய ப்ரோகிராமுக்கு ரெண்டு ஜிபிக்கு மேல எண்ணத் தெரியாது.* தாண்டினா மைனஸ்னு காட்டும். அண்ணி அதுக்கும் மேல பேசிட்டாங்க, அவ்வளவுதான்."

ரேடியோ பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

* இந்தப் பதிவில் அது ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரப் பேச்சு.

4

நகலை நான்காக வெட்டினாள். போட்டால் வெறும் இரைச்சல். தையல்காரரின் முகம் செத்துவிட்டது.

"ஒவ்வொரு துண்டுலயும் அதோட நீளத்த எழுதணும்ண்ணே. அப்பதான் இதுக்குப் புரியும்."

"வெட்டின துணில அளவு குறிக்கிற மாதிரியா?"

"அதேதான். இத விடப்போறதில்ல, நீங்க உக்காருங்க."

மறுபடி வெட்டினாள். மறுபடி இரைச்சல். மூன்றாம் முறை உட்கார்ந்தாள்.

5

முடிவு ஒன்று: அவள் குரல் இனிமையாக ஒரு தாலாட்டை... (அடித்துவிட்டேன். பொய்.)

நடந்தது இது. மூன்றாம் முறை இரைச்சல் இல்லை. அக்கா போட்டது கடைசித் துண்டு. பதிவை நிறுத்த மறந்த நாள் போலிருக்கிறது. உள்ளிருந்து ரேடியோ தன் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரர் நின்றபடியே அழுதார். "இன்னொரு தடவ போடும்மா" என்றார். ரேடியோ சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அவள் என்ன சொல்லித் திட்டினாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டில் நீங்கள் தினமும் வாங்கும் திட்டை, அதைத் திட்டுகிறவரின் குரலிலேயே, இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்:

"........................"