ஏழாம் சனல் அடைபட்ட காலை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. போன் திரை மாற்றப் போன நுரைச்சோலைக் கடையொன்றின் சுவரில் ஒரு தாள்: "வோக்கி வேலை செய்யாவிட்டால் முதலில் பற்றரி, பிறகு ஏரியல், பிறகு சனல்." படகுக்காரர்களின் வோக்கி-டோக்கிக்கான குறிப்பு. கடைக்காரப் பெண் அதை ஏன் எழுதினார் என்று கேட்கக் கூச்சம். கற்பனை செய்துகொண்டேன்.

பனிமூட்டத்துக்குள் படகுகள் மெல்ல—

(வேண்டாம். பனி, நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களின் கடலில் விழுவது. இங்கே காலை பத்து மணி, கண் கூசும் வெயில்.)

2

போன் திருத்தும் மர்ஷூதாவின் மேசையில் ஷிம்லா வோக்கியை வைத்தாள். ஷிம்லா, மர்ஷூதாவின் தம்பி ஹுனைஸின் மனைவி. ஹுனைஸ் விடியவே கடலுக்குப் போனவன். போன் எடுபடாத தூரம். மத்தியானத்துக்குள் பலத்த காற்று எழும்பும் என்று இப்போதுதான் அறிவித்திருந்தார்கள்.

"மதினி, அவரக் கூப்புடவே ஏலாம இருக்கு. ஒரே இரைச்சல். நீங்க போன மாசம் திருத்தின செட்டுதானே?"

"ஏசுறத பிறகு ஏசு. இங்க தா."

மர்ஷூதா பற்றரியைக் கழற்றி, உப்புப் பூத்த தகடுகளைத் தேய்த்தாள். ஏரியலை இறுக்கினாள். (இங்கே அவளை அழவைத்திருந்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன்.) இரைச்சல் போகவில்லை. கடையிலிருந்த இன்னொரு வோக்கியை, ஊர்ப் படகுகள் பேசும் அலைவரிசையான ஏழாம் சனலில் போட்டாள். அதிலும் அதே இரைச்சல், அதே பச்சை விளக்கு.*

"செட்டுல பிழையில்ல. யாரோ பொத்தான அமத்திக்கொண்டு இருக்காங்க."

"அப்ப வேற சனலுக்கு மாத்துவமே?"

"நாம மாத்தலாம். அவனும் மாத்தணும். அத அவனுக்கு எப்புடிச் சொல்லுற?"

* பச்சை என்றால் யாரோ பேசுகிறார். அவர் விரலை எடுக்கும்வரை மற்றவர் குரல் போய்ச் சேராது.

3

மர்ஷூதா வோக்கியைக் காதோடு வைத்தாள். பொலித்தீன் சரசரப்பு. ஐஸ் உடைக்கும் சத்தம். அதற்கு மேல் ஓர் ஆண் குரல்: "மர்ஷூதாட கைபட்ட செட்டு எது உருப்பட்டிருக்கு?"

"லாபிர் நானா!" என்றாள் ஷிம்லா.

(லாபிர், கரையில் வாடி, அதாவது மீன்பிடிக் குடிசை, போட்டிருக்கும் படகுக்காரர். அவரைக் கெட்டவராக்க இரண்டு வரைவுகள் முயன்றேன். மசியவில்லை.)

இருவரும் வாடிக்கு ஓடினார்கள். லாபிரின் வோக்கி பொலித்தீன் பைக்குள் கிடந்தது. பைக்கு மேல் சைக்கிள் டியூப்பில் வெட்டிய பட்டி, மூன்று சுற்று, பேச அழுத்தும் பொத்தானின் மேலேயே.

"வா தங்கச்சி! காலையில இருந்து ஒரு சத்தமும் வரல்ல. நீ திருத்தின அழகு!"

"எப்புடி வரும் நானா? காலையில இருந்து ஊருக்கே நீங்கதான் பேசுறீங்க. என்ட கையப் பத்திச் சொன்னதும் கேட்டிச்சி."

லாபிரின் முகம் சுருங்கியது. "உப்புப் படாம வைக்கச் சொன்னது நீதானே?"

மர்ஷூதா பட்டியை அறுத்தாள். கையிலிருந்த வோக்கியில் பச்சை அணைந்தது.

"ஹுனைஸ், ராத்தா பேசுறன். காத்து எழும்பப் போகுது. வலைய வெட்டி விட்டாலும் பரவால்ல, கரைக்கு வா."

பதில் இல்லை. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவையும், ஒரு சொல் மாறாமல்.

4

ஒரு முடிவில் ஹுனைஸ் உடனே பதில் சொல்கிறான். எழுதினேன், நானே நம்பவில்லை. இன்னொன்றில் அவனுடைய பற்றரி இறங்கிவிட்டது. அதைப் பாதியில்—

மர்ஷூதா என்னைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நான்காம் தடவை சொல்லி முடித்து, பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். எடுத்தால்தான் அவன் குரல் வர முடியும். நான் எழுதிக்கொண்டே இருந்தாலும் வராது.

இதோ, நானும் விரலை எடுக்கிறேன். நீங்கள் கேளுங்கள்.