உரித்த ஸ்டிக்கர்

வகுப்புக்கு வரும் ஒவ்வொரு டேப்லெட்டின் கேமராவிலும் டீச்சர் காலையிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். மூன்றாம் வகுப்பு வாயாடிச் சிறுமி ஒருத்தி அதை உரித்து, புதுப் பென்சில் பெட்டியைப் படமெடுத்து, ஆன்லைன் விளையாட்டில் பழகிய தோழிக்கு அனுப்பினாள். பதில் வந்தது: "படத்துல ஜன்னல் வழியா கேட்ல உங்க ஸ்கூல் பேரு தெரியுதே. பக்கத்துலதான் இருக்கேன், வரேன். யார்கிட்டயும் சொல்லாத."

பள்ளியின் பேரை அவள் சொன்னதே இல்லை. சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனாலும் டேப்லெட்டோடு டீச்சரிடம் ஓடினாள்.

"ஸ்டிக்கரை நான்தான் உரிச்சேன் டீச்சர்."

செய்தியைப் படித்த டீச்சர் திட்டவில்லை. "சொன்னியே, அது போதும்டா கண்ணு," என்றபடி ஜன்னலைச் சாத்தப் போனார். கொக்கியை மாட்டும் முன் கேட்டைப் பார்த்தார்.

வெளியே கேட்டருகே வளர்ந்த ஆண் ஒருவன், கையில் போனோடு, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.